ஒரு நாள் வெயிலின் கணக்கு

மழையை அளப்பதற்கு மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டு விட்டான். மழைநீரைப் பிடித்து அளக்கும் பாத்திரம் பற்றிக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பேசுகின்றது. கொரியாவில் 1441ஆம் ஆண்டிலேயே அரசாணையின்கீழ் மழைமானிகள் வைக்கப்பட்டன. ஆனால், அந்த மழைக்கும் காற்றுக்கும் பயிருக்கும் உயிருக்கும் மூலமான வெயிலை அளப்பதற்கு அவனுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மழையைக் கலயத்தில் பிடிக்கலாம். வெயிலை எதில் பிடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாறு, போர்களும் சிறைகளும் எரிந்த அச்சகங்களும் குறுக்கிடுகின்ற ஒரு நீண்ட வரலாறு.

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த ஆண்டுகளில், அன்றாடம் அச்சுக்குப் போன காலநிலைக் குறிப்புகளில் மழைவீழ்ச்சி இருக்கும், உச்ச வெப்பநிலை இருக்கும், காற்றின் வேகமும் கடலின் நிலையும் இருக்கும். "நேற்று யாழ்ப்பாணத்தில் இவ்வளவு வெயில் விழுந்தது" என்று ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. எவரும் கேட்டதுமில்லை. இன்று கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் கூரைமேற் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் 'சூரியபல சங்கிராமய' திட்டத்தைத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டின் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தது. அந்த நாட்களுக்குப் பின்னர், வங்கிக் கடன் எடுத்துக் கூரையில் தகடு பூட்டலாமா என்று எண்ணாத நடுத்தரக் குடும்பம் அரிது. அந்தக் கடன் தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பது, அந்தக் கூரையின்மீது ஒரு நாளில் விழும் வெயில் எத்தனை அலகு என்ற ஒற்றை எண்தான். அந்த எண் எங்கிருந்து வருகின்றது என்பதையே இக்கட்டுரையில் எழுத முனைகின்றேன்.

கணக்கு இரண்டு பாகங்களைக் கொண்டது. ஒன்று வானத்தின் கணக்கு. மற்றது மேகத்தின் கணக்கு. முன்னையதைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். பின்னையதற்கு ஒவ்வொரு நாளும் ஒருவர் வெளியே போய்ப் பார்க்க வேண்டும்.

வானத்தின் கணக்கை முதலிற் தெளிவாகப் போட்டவர்களுள் ஒருவர், வால்வெள்ளியினால் நாம் நன்கு அறிந்த எட்மண்ட் ஹலி. 1693ஆம் ஆண்டில் லண்டன் றோயல் சொசைற்றியின் சஞ்சிகையில், பூமியின் வெவ்வேறு அகலாங்குகளில் சூரியனின் வெப்பம் எந்த விகிதத்தில் விழுகின்றது என்று அவர் ஒரு கட்டுரை எழுதினார். சூரியன் உச்சியில் நிற்கையில் அதன் கதிர்கள் செறிவாக விழும்; சாய்ந்து நிற்கையில் அதே கதிர்கள் அதிக நிலப்பரப்பிற் பரந்து விழும். எனவே சூரியனின் உயரத்தையும் பகலின் நீளத்தையும் சேர்த்துக் கணித்தால் ஒரு நாளின் கூட்டுத்தொகை வந்துவிடும். அந்தக் கணக்கு ஹலியை ஒரு விந்தையான முடிவுக்கு இட்டுச் சென்றது. ஆனி மாதத்தில் சூரியன் மறையாத நாளில் வடதுருவத்திற்கு வந்து சேரும் வெப்பம், சமவிராநாளில் பூமத்திய ரேகைக்கு வந்து சேரும் வெப்பத்தைவிடக் காற்பங்கு அதிகம்! துருவம் ஏன் அப்படியும் உறைந்து கிடக்கின்றது என்பது வேறு கதை. நெடிய இரவு சேர்த்துவைத்த குளிரை அந்தச் சில வாரங்களின் வெயில் தீர்த்துவிட முடியாது.

இந்த விந்தையை நம்மவர்கள் வாழும் இரண்டு ஊர்களை வைத்தே பார்க்கலாம். வளிமண்டலத்தை ஒரு கணம் மறந்துவிட்டுக் கணித்தால், யூன் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் ஒரு சதுர மீற்றருக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 10.2 கிலோவாற்று மணித்தியாலம், அதாவது மின்பட்டியலில் நாம் காணும் 10.2 அலகு. அதே நாளில் நோர்வேயின் ஒஸ்லோவிற்குச் சேர்வது 11.4 அலகு. ஒஸ்லோதான் முந்துகின்றது. ஆனால், டிசம்பர் 21ஆம் திகதிக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்திற்கு 8.6 அலகு, ஒஸ்லோவிற்கு வெறும் 0.6 அலகு! பனிநாட்டிற்குப் புலம்பெயர்ந்தவர்கள் முதலாவது மாரியில் அனுபவித்த மனச்சோர்வுக்குப் பிரிவும் தனிமையும் மாத்திரமா காரணம்? இந்த எண்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இந்தக் கணக்கிற்கு ஓர் அடிப்படை எண் வேண்டும். வளிமண்டலத்திற்கு வெளியே, சூரியனை நேர்முகமாக நோக்கும் ஒரு சதுர மீற்றரில் எவ்வளவு சக்தி விழுகின்றது? இதனைச் 'சூரிய மாறிலி' என்பர். பிரெஞ்சு அறிஞர் குளோட் பூய்யே 1830களின் இறுதியில் இதனை அளந்த விதம் வியப்பூட்டுவது. முகப்பிற் கரி பூசப்பட்ட தட்டையான வெள்ளிச் சிமிழ், அதற்குள் நீர், நீருக்குள் வெப்பமானி: அவருடைய கருவி அவ்வளவுதான். சில நிமிடங்கள் வெயிலிலும் சில நிமிடங்கள் நிழலிலும் வைத்து, நீர் எவ்வளவு சூடேறுகின்றது என்று பார்த்தார். வளிமண்டலம் விழுங்கியதைக் கணித்துச் சேர்த்தபோது அவருக்குக் கிடைத்த எண் சதுர மீற்றருக்கு 1,228 வாற்று. செய்மதிகளின் துணையோடு 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அளவு ஏறத்தாழ 1,361 வாற்று. ஒரு சிமிழ்த் தண்ணீரை வைத்துக்கொண்டு பத்து வீதப் பிழைக்குள் வந்துவிட்டார் அந்த மனிதர்.

அவருக்குப் பின்வந்தவர்கள் எல்லோரும் அவரை மிஞ்சினார்கள் என்று சொல்ல முடியாது. 1881ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாமுவேல் லாங்லி, தாம் கண்டுபிடித்த நுட்பமான கருவியோடு கலிபோர்னியாவின் விற்னி மலையில் ஏறி அளந்தார். அவர் வெளியிட்ட எண் உண்மையைவிட மிகமிகப் பெரிது. நல்ல கருவியும் உயர்ந்த மலையும் இருந்தும், வளிமண்டலத்திற்கான திருத்தத்தில் அவர் தவறிவிட்டார். அவருடைய வாரிசான சார்ள்ஸ் அபற் அந்தத் தவறைத் திருத்தினார். ஆனால், சூரியன் நாளுக்கு நாள் மாறுகின்றது, அந்த மாற்றத்தைக்கொண்டு காலநிலையை முன்னறியலாம் என்ற நம்பிக்கை அவரைப் பற்றிக்கொண்டது. சிலியின் பாலைவனத்திலும் தென்மேற்கு ஆபிரிக்காவின் மலையுச்சியிலும் அவதான நிலையங்கள் அமைத்து, பல தசாப்தங்கள் அளந்தார். 101 வயது வரை வாழ்ந்து 1973ஆம் ஆண்டில் மறைந்த அவர் அந்த நம்பிக்கையைக் கைவிடவில்லை. 1978ஆம் ஆண்டிலிருந்து விண்ணிலிருந்தே அளக்கத் தொடங்கியபோது தெரிந்தது, பதினோராண்டுச் சுழற்சியில் சூரியன் மாறுவது ஏறத்தாழ 0.1 வீதமே என்று. அபற் தேடிய மாற்றத்தின் பெரும்பகுதி, அவர் தலைக்கு மேலிருந்த காற்றின் மாற்றமாகும்.

வானத்தின் கணக்கை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் சேர்பிய அறிஞர் மிலூற்றின் மிலங்கோவிச். எந்த அகலாங்கில், எந்தப் பருவத்தில் எவ்வளவு வெயில் என்பதை இன்றைக்கு மாத்திரமன்றி, இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னுக்கும் கணித்துவிட வேண்டும் என்பது அவருடைய வேட்கை. பனியுகங்கள் ஏன் வந்தன என்பதற்கு அங்கேதான் விடை இருக்கின்றது என அவர் நம்பினார். 1914ஆம் ஆண்டில் புதுமணத் தம்பதியாகத் தம் பிறந்த ஊரான தால்யிற்குச் சென்றிருந்தபோது முதலாம் உலகப்போர் மூண்டது. ஊர் இருந்தது ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசில். அவரோ சேர்பியப் பிரசை. எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்தார்கள். கையிலிருந்த காகிதங்களை எடுத்துச் சிறையறையிலேயே அவர் கணக்கைத் தொடர்ந்தார். பின்னர் புடாபெஸ்ற் நகரில் கண்காணிப்பில் இருக்க அனுமதிக்கப்பட்டார். எதிரி நாட்டின் அறிவியற் கழகம் தன் நூலகத்தை அவருக்குத் திறந்துவிட்டது. போர்க்காலம் முழுவதும் அங்கிருந்து எழுதிய நூல் 1920ஆம் ஆண்டில் பாரிஸில் வெளிவந்தது.

அவருடைய வாழ்நாட் பணியின் முழுத் தொகுப்பு 1941ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெல்கிறேட்டில் அச்சாகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 6ஆம் திகதி ஜேர்மன் விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசித் தகர்த்தன. அச்சகம் அழிந்தது. அதே நாளில் சேர்பியாவின் தேசிய நூலகமும் எரிந்து சாம்பலாயிற்று. மிலங்கோவிச்சின் நூலில் அச்சாகி முடிந்த தாள்களிற் பெரும்பாலானவை களஞ்சியத்தில் தப்பியிருந்தமையால், எஞ்சிய பக்கங்களை மீள அச்சிட்டு நூலை வெளிக்கொணர முடிந்தது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் 'ஈழநாடு' பத்திரிகைப் பணிமனையும் எரிந்ததை அறிந்த ஒரு தலைமுறைக்கு, தப்பிய அந்தத் தாள்களின் பெறுமதியை நான் விளக்கவேண்டியதில்லை.

இனி மேகத்தின் கணக்கு. இங்கே கதாநாயகன் ஒரு கண்ணாடிக் குண்டு. ஸ்கொட்லாந்தின் ஐலே தீவைச் சேர்ந்த ஜோன் பிரான்சிஸ் கம்பெல், நாட்டார் கதைகளை ஊரூராகத் தேடித் தொகுத்தவர் என்றே இலக்கிய உலகில் அறியப்படுகின்றார். இந்த மனிதர்தான் 1853ஆம் ஆண்டில், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை மரக் கிண்ணத்தில் வைத்தார். வெயில் அடிக்கும் நேரமெல்லாம் குவிந்த கதிர் மரத்தைச் சுட்டுக் கோடு கீறியது. மேகம் மறைத்தால் கோடு நின்றது. வெயில் தன் கையாலேயே தன் வரலாற்றை எழுதியது! 1879ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ், மரக் கிண்ணத்தை நீக்கி உலோகச் சட்டத்தில் நாளுக்கொரு அட்டை செருகும் முறையைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து உலகெங்கும் வானிலை நிலையங்களில், மாலையானதும் ஓர் ஊழியர் கருகிய அட்டையை எடுத்துப் புதிய அட்டையை வைப்பது வழமையாயிற்று. கருகிய கோட்டின் நீளமே அன்றைய வெயில் மணித்தியாலம்.

ஆனால், மணித்தியாலம் சக்தி அல்லவே? எட்டு மணித்தியாலம் வெயில் எறித்தது என்றால் எத்தனை அலகு? இந்த இடைவெளிக்குப் பாலம் போட்டவர் சுவீடனைச் சேர்ந்த அன்டர்ஸ் ஒங்ஸ்ரொம். ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகிற்குத் தம் பெயரைக் கொடுத்த அன்டர்ஸ் யோனாஸ் ஒங்ஸ்ரொம் இவருடைய பாட்டனார். சூரியக் கதிரை அளக்கும் மின்முறைக் கருவியை உருவாக்கிய க்னூற் ஒங்ஸ்ரொம் இவருடைய தந்தையார். மூன்று தலைமுறையாக ஒரே ஒளியைத் துரத்திய குடும்பம் அது. 1924ஆம் ஆண்டில் பேரன் ஸ்ரொக்ஹோம் அளவீடுகளைக்கொண்டு ஓர் எளிய உறவைக் காட்டினார். முற்றிலும் தெளிந்த நாளில் விழும் வெயிலை ஒன்று எனக் கொண்டால், முழுவதும் மூடிய நாளிலும் அதிற் காற்பங்கு வந்து சேரும். மீதி முக்காற்பங்கு, வெயில் எறித்த மணித்தியாலங்களின் விகிதப்படி கூடிக் குறையும்.

இந்த வாய்ப்பாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. தெளிந்த நாளின் அளவு தெரிவதற்கே அந்த ஊரில் விலையுயர்ந்த கருவி வேண்டும். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் மண்ணியல் ஆராய்ந்த ஜேம்ஸ் பிறெஸ்கொற் 1940ஆம் ஆண்டில் அதைத் தீர்த்தார். தெளிந்த நாளுக்குப் பதிலாக வளிமண்டலத்திற்கு வெளியேயுள்ள அளவை, அதாவது ஹலி வழிவந்த வானத்தின் கணக்கை, அவர் அடிப்படையாக்கினார். நீர் ஆவியாவதைக் கணிப்பதே அவருடைய நோக்கம். சூரிய மின்சாரம் அல்ல. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிர்நீர்த் தேவைக் கையேடு, உள்ளூர் அளவீடு இல்லாத இடங்களுக்கு 0.25, 0.50 என்ற இரு குணகங்களைப் பரிந்துரைத்தது.

ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு வருகின்றது. ஏப்ரல் 15ஆம் திகதிக்கு, வளிமண்டலத்திற்கு வெளியே 10.5 அலகு. பகலின் நீளம் 12.2 மணித்தியாலம். நம் பஞ்சாங்கம் 'அகசு' என்று நாழிகையிற் குறிப்பதும் இந்தப் பகலின் நீளத்தைத்தான், 12.2 மணித்தியாலம் என்றால் முப்பதரை நாழிகை. அன்று 8 மணித்தியாலம் வெயில் எறித்ததாக வைத்துக்கொள்வோம். எட்டைப் 12.2ஆல் வகுத்தால் 0.656. அதிற் பாதி 0.328. அதனோடு 0.25ஐக் கூட்டினால் 0.578. அதனைப் 10.5ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 6.1 அலகு. இனி டிசம்பர் 21ஆம் திகதிக்கு, மாரிமேகம் மூடி 4 மணித்தியாலமே வெயில் எறித்ததாகக் கொண்டு இதே கணக்கைப் போட்டால் 3.7 அலகுதான் வரும். ஒரு கிலோவாற்றுத் தகடு என்பது, சதுர மீற்றருக்கு 1,000 வாற்று வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தரும் தகடு. எனவே 6.1 அலகு வெயில் விழும் நாளில் அது 6.1 அலகு தரவேண்டும். வெப்பம், தூசி, கம்பி, மின்மாற்றி ஆகியன விழுங்கியது போக நான்கரை அலகளவில் மிஞ்சும். மாரியில் அதுவும் மூன்றுக்குக் கீழே இறங்கும். சித்திரை மாதத்து எண்ணை ஆண்டு முழுவதற்கும் விரித்துக் காட்டுகின்ற விற்பனை முகவரை நம்பிக் கடன்பத்திரத்திற் கையெழுத்திடுவது புத்திசாலித்தனமல்ல.

ஆயினும், குணகங்கள் ஊருக்கு ஊர் மாறும். ஸ்ரொக்ஹோமின் மேகமும் அடிலெயிட்டின் மேகமும் நம் வாடைக்காற்று மேகமும் ஒன்றல்ல. கண்ணாடிக் குண்டும் பிழையற்றதல்ல; ஈரித்த அட்டை காலை வெயிலிற் கருகாது, விட்டுவிட்டு எறிக்கும் வெயிலிற் கோடு அளவுக்கு மிஞ்சிப் பரவும். எனவே எங்கேனும் சில இடங்களிலாவது சக்தியையே நேராக அளந்தாக வேண்டும். கண்ணாடிக் கவிகையின்கீழ் கரிய பரப்பைவைத்து, அது சூடேறுவதை மின்னழுத்தமாக மாற்றும் பைரனோமீற்றர் அதற்கான கருவி.

நமது பிராந்தியத்தில் அந்தப் பணியைத் தோளிற் சுமந்தவர் அன்னா மணி என்ற பெண்மணி. 1918ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் பீருமேட்டிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வுகூடத்தில் வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்க மறுத்துவிட்டது. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகள் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் திணைக்களத்தில் இணைந்தார். இறக்குமதி செய்யப்பட்டுவந்த ஏறத்தாழ நூறு கருவிகளுக்கான வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை நாட்டிலேயே உற்பத்தி செய்ய வழிசெய்தார். 1957 - 58 சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டையொட்டி இந்தியாவில் சூரியக் கதிர் அளவீட்டு நிலையங்களின் வலையமைப்பை நிறுவினார். ஓய்வுபெற்ற பின்னர் 1980, 1981ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட இரு தொகுப்புகள், இந்தியாவின் சூரியசக்திப் பொறியியலாளர்களுக்கு அடிப்படை நூல்களாயின. பிழையான அளவீட்டைவிட அளவீடே இல்லாதிருப்பது மேல் என்பது அவருடைய கொள்கையாக இருந்தது. கலாநிதிப் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. 2001ஆம் ஆண்டில் மறைந்தார்.

இன்று கணினியில் ஓர் ஊரின்மீது விரலை வைத்தால் எண் வருகின்றது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் இலங்கைக்கும் மாலைதீவிற்கும் வெயில் வரைபடம் தயாரித்தது. 2017ஆம் ஆண்டில் உலகவங்கி முழு உலகத்திற்குமான வரைபடத்தை இலவசமாக வெளியிட்டது. செய்மதி மேகத்தை மேலிருந்து பார்த்துக் கீழே விழும் வெயிலை ஊகிக்கின்றது. ஆனால், அந்த ஊகம் சரியா என்று ஒத்துப்பார்ப்பதற்கு நிலத்திலுள்ள பைரனோமீற்றர்தான் இன்னமும் சாட்சி. சாட்சி இல்லாத ஊரில் வரைபடம் சொல்வதே தீர்ப்பாகிவிடும்.

இது வெறும் கல்விசார் விவகாரமும் அல்ல. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கைப் பற்றியே உலகம் சிரித்தது. ஆனால், மின்பாவனை குறைந்த அந்தப் பகலிற் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தமையால் மின்கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கும் வலுவை இழந்திருந்தது என்று மின்சார சபை விளக்கியது. இரண்டு மாதங்களின் பின், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் 3 மணி வரை கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு அதே சபை மக்களைக் கேட்டது. கணக்கைப் பாருங்கள்: சூரியன் நம் உச்சியில் நிற்கும் நாட்கள்; தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடக்கும் நாட்கள். வெயில் கூடிய நேரத்தில் தேவை குறைந்தது. ஹலியின் கணக்கையும் பஞ்சாங்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், ஆண்டுதோறும் இந்தச் சங்கடம் வரும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லியிருக்கலாம். மின்சேமிப்புக் கலங்களுக்கு அப்போதே திட்டமிட்டிருக்கலாம்.

தகடுகளை இறக்குமதி செய்வதற்குக் காட்டிய அவசரத்தில் ஒரு சிறுபங்கையேனும் அளவீட்டிற்குக் காட்டவேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும், நல்ல பைரனோமீற்றர்கள் ஆண்டுக்கணக்கில் இடையறாது இயங்கவேண்டும். அந்த எண்கள் எவரும் பார்க்கக்கூடியதாகப் பொதுவில் இருக்கவேண்டும். பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் இதிற் பங்கெடுக்கலாம். புலம்பெயர்ந்தோர் ஊருக்குச் செய்யும் உதவிகளுள் இதுவும் ஒன்றாகலாம். கோபுரத்தைப் போல எட்டத்தில் தெரியாது, ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்தும் பயன் தரும்.

அபற் தம் முடிவில் தவறினார். அவருடைய ஏடுகள் தவறவில்லை. மிலங்கோவிச்சின் அச்சகம் அழிந்தது, தாள்கள் பிழைத்தன. அன்னா மணிக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அவர் அளந்த எண்களைக்கொண்டு ஒரு தேசம் திட்டமிட்டது. நேற்று அடித்த வெயிலை எந்த விஞ்ஞானியாலும் இனிமேல் திரும்ப அழைத்து அளக்க முடியாது. அன்றே எழுதிவைத்தால் உண்டு.